குடும்பத்தோடு கடலில் புயலில் சிக்கியிருக்கிறீர்களா? அந்த நேரத்தில் தைரியம் எங்கிருந்து வந்தது?

சிக்கியிருக்கிறோம். ஆனால் நாகப்பட்டினம், கடலூர்க்காரர்கள் புயல் என்று சொல்வது எங்களுக்கு வந்ததைவிடப் பெரியது. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. புயல் சுழன்று உருவாகப் பூமியின் சுழற்சி தரவேண்டிய திருப்புவிசை இங்கே மிகக் குறைவு, அதனால் இந்தப் பக்கம் புயல் பிறப்பதே அபூர்வம். 2001 டிசம்பர் 27 அன்று வாமெய் என்று ஒரு புயல் அந்தக் கணக்கையெல்லாம் மீறி வந்து, பக்கத்தில் மலேசியாவின் ஜோகூரில் கரையேறியது. வருடா வருடம் இங்கே படகுக்காரர்கள் பயப்படுவது அதற்கு இல்லை, ‘சுமத்ரா’ என்று நாங்கள் சொல்லும் திடீர்க் காற்றுமழைக்கு.

இரவில் சுமத்ரா தீவிலோ மலாக்கா நீரிணையிலோ இடிமேகங்கள் வரிசைகட்டி எழும்பும். அப்படியே கிழக்கே நகர்ந்து, பெரும்பாலும் விடிவதற்கு முன்போ காலையிலோ நம் தலைமேல் வந்து இறங்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்று சகஜம். பன்னிரண்டாம் மாடி வீட்டில் இருந்தால் ஜன்னலைச் சாத்தி, காயப்போட்ட துணியை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவோம். அதே காற்றில் சின்னப் படகில் இருப்பது வேறு கதை.

ஜூன் பள்ளி விடுமுறை. அண்ணன் மகனுக்கு இரவில் மீன்பிடிக்கப் போகவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. மேற்குப் பக்கப் படகுத்துறை ஒன்றில் ஒரு சீன அங்கிளிடம் படகு பேசினோம். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, பையன், நான். என் கணவருக்கு அன்று இரவு வேலை. ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் தெரிகிற தூரத்தில், தெற்குத் தீவுகளுக்கு அப்பால் நங்கூரம் போட்டார் அங்கிள். 1855 முதல் எரிகிற விளக்கு அது. சுற்றிலும் எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் ஒரு ஊர் மாதிரி விளக்குப் போட்டு நின்றன. கெளுத்தியும் சின்னச் சின்னப் பாறை மீனும் கிடைத்தன. அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு நள்ளிரவுக்குள் காலி.

அம்மாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்லவேண்டும். அவர் பிறந்தது நாகப்பட்டினம் பக்கம் ஒரு மீனவக் கிராமம். கல்யாணம் ஆகி இங்கே வந்தபிறகு கடலை ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பாய் விரித்துப் பார்த்ததோடு சரி. அப்பா இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நீச்சல் தெரியாது.

விடியற்காலை நாலு மணி இருக்கும். காற்று சுத்தமாக நின்றுபோனது. மேற்கே இடிச்சத்தம் இல்லாமல் வெளிச்சம் மட்டும் வெட்டி வெட்டிப் போனது. நான் தூங்கிவழிந்துகொண்டிருந்தேன். அம்மா என்னை உலுக்கி, “கச்சான் கிளம்புது. தூண்டிலைச் சுருட்டு, எல்லாரும் சட்டையைப் போடுங்க” என்றார். கச்சான் என்றால் மேற்கிலிருந்து வரும் காற்று. சட்டை என்று சொன்னது லைஃப் ஜாக்கெட்டை. அங்கிளும் கைத்தொலைபேசியில் மழை ரேடாரைப் பார்த்துவிட்டு அதற்குள் இஞ்சினைக் கிளப்பி, நங்கூரத்தை இழுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் ரேடாரில் பார்த்ததை இன்னொருவர் மூக்கால் பார்த்தார் என்று அப்பா இன்றைக்கும் சொல்வார். கொஞ்சம் மிகைதான். அந்த மின்னலை யார் பார்த்திருந்தாலும் சந்தேகம் வந்திருக்கும்.

முதலில் சில்லென்று ஒரு காற்று. அடுத்த நிமிடமே மழை பக்கவாட்டில் அடித்தது. கலங்கரை விளக்கம் மறைந்தது, கப்பல் விளக்குகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. சிங்கப்பூர் நீரிணையில் நீரோட்டம் வேகம். அதற்கு எதிராகக் காற்று அடித்தால் அலை உயரத்தைவிட அதன் நெருக்கம்தான் கொல்லும். ஒன்றிலிருந்து படகு இறங்கி முடிப்பதற்குள் அடுத்தது முகப்பில் மோதிவிடும்.

அங்கிள் கத்தியது ஒன்றே ஒன்றுதான்: “டுடுக்! டியாம்!” உட்காருங்கள், அசையாதீர்கள். எல்லோரும் படகின் நடுவில், தரையோடு தரையாக. எழுந்து நின்றாலோ ஒரு பக்கமாக ஓடினாலோ படகு கவிழும்.

அண்ணன் தேசிய சேவையை, அதாவது இங்கே ஆண்களுக்கான கட்டாயப் படைச் சேவையை, கடற்படையில் செய்தவன். பக்கத்துத் தீவின் மறைவுக்குப் போய்விடலாம் என்று அங்கிளோடு வாதாடத் தொடங்கினான். அங்கிள் மாட்டேன் என்றார். தீவைச் சுற்றிப் பவளப்பாறை, அந்த மழையில் அது கண்ணுக்குத் தெரியாது. திறந்த நீரில் அலை ஒன்றுதான் எதிரி, கரைப்பக்கம் போனால் பாறையும் சேர்ந்துகொள்ளும். அண்ணன் இரண்டாவது முறை வாய் திறந்தபோது அம்மா, “ஓட்டுறது ஒருத்தர்தான்டா. நீ தண்ணியை இற” என்றார். அவன் அப்படியே வாயை மூடிக்கொண்டு வாளியை எடுத்தான். அன்று படகில் இருந்ததிலேயே கஷ்டமான தைரியம் அதுதான் என்பது என் கணிப்பு. தனக்கும் தெரியும் என்று நினைக்கிற ஒரு மனிதன், மனைவியும் மகனும் பக்கத்தில் இருக்கும்போது, இன்னொருவர் கையில் விட்டுவிட்டு உட்காருவது.

தண்ணீர் இறைக்கும் பம்பு கொஞ்ச நேரத்தில் அடைத்துக்கொண்டது. இரைப்பொட்டலத்தின் பிளாஸ்டிக் போய்ச் சிக்கியிருந்ததை அப்புறம்தான் பார்த்தோம். மீன் வைத்திருந்த ஐஸ் பெட்டியைக் கடலில் கவிழ்த்துவிட்டு அதன் மூடியால் நான் இறைத்தேன். அண்ணிக்கு வாந்தி. வாந்தி எடுப்பார், வாயைத் துடைப்பார், மறுபடி இறைப்பார். யாரும் அவரைச் செய்யச் சொல்லவில்லை.

பையனை என்ன செய்வது என்பதில்தான் ஒரு சண்டை. அம்மா தன் துப்பட்டாவை அவிழ்த்து அவனைப் படகுக் கம்பியோடு சேர்த்துக் கட்டப் போனார். பேரன் அலையில் போய்விடுவானோ என்ற பயம். அங்கிள் சுக்கானை விடாமலே திரும்பி, “கட்டாதே!” என்று மலாயில் அதட்டினார். படகு கவிழ்ந்தால் கட்டியிருப்பவனால் மேலே வர முடியாது. அம்மா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. துப்பட்டாவைச் சுருட்டி மடியில் போட்டுக்கொண்டு, அவனை முழங்கால்களுக்கு நடுவில் அமுக்கி, ஜாக்கெட்டின் வாரைக் கையில் பிடித்துக்கொண்டார். அவனுக்கும் ஒரு வேலை கொடுத்தார்: எல்லோர் பெயரையும் திரும்பத் திரும்பக் கூப்பிடவேண்டும், கூப்பிட்டால் நாங்கள் பதில் சொல்லவேண்டும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, அத்தை, அங்கிள். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டான்.

அப்பாவுக்குக் கிடைத்த வேலை கண்வேலை. எங்களுக்கு வலப்பக்கம் எங்கோ ஒரு எண்ணெய்க் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. மழை கொஞ்சம் விலகும்போது மட்டும் அதன் விளக்கு மங்கலாகத் தெரியும். கப்பல் நின்றாலும் காற்றில் சுழலும், அதன் பின்பக்கம் எங்கள் பக்கம் வரலாம். அப்பா அந்தத் திசையையே பார்த்தபடி “தெரியுது… இல்லை… தெரியுது, கிட்ட!” என்று கத்துவார். அங்கிள் அதைக் கேட்டுக் கொஞ்சம் ஒதுங்குவார். நடுநடுவே ஒரு முருகா. நீந்தத் தெரியாத மனிதரின் குரல் ஒருமுறைகூட நடுங்கவில்லை, கைதான் நடுங்கியது.

அங்கிள் செய்ததெல்லாம் முகப்பைக் காற்றுக்கு நேராக வைத்து, இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, அங்கேயே நின்றதுதான். படகு பக்கவாட்டில் திரும்பினால் முடிந்தது. பலமான காற்று ஒரு மணி நேரம்கூட இருந்திருக்காது. அதன்பிறகு பெய்தது வெறும் மழை. வெளிச்சம் வந்தபோது அந்த எண்ணெய்க் கப்பல் நாங்கள் நினைத்ததைவிடப் பக்கத்தில் இருந்தது.

சரி, தைரியம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த பதில், அம்மா ஆளுக்கு ஒரு வேலை பிரித்துக் கொடுத்ததிலிருந்து. கையில் வாளி இருக்கும்போது பயம் போவதில்லை, ஆனால் ஓரமாக உட்கார்ந்துகொள்ளும். அம்மாவுக்கு எங்கிருந்து வந்தது என்றால், 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினம் பக்கம் கரை கடந்த புயல் இரவில் அவர் பள்ளிக்கூடச் சிறுமி. கூரை பறந்த வீட்டில் அவருடைய அம்மா, பிள்ளைகளின் பெயரை இருட்டில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். இதை நாங்கள் கேட்டதே கரை திரும்பியபிறகுதான். சொந்தக்காரர்கள் எங்களைப் பாராட்டினால் அம்மாவுக்குக் கோபம் வரும். “அது புயல். இது காத்து” என்பார்.

யாராவது போகப்போகிறீர்கள் என்றால் சில விஷயம். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இரவுப் படகு என்றால் ரேடாரைத் திறந்தே வைத்திருங்கள். ‘சுமத்ரா’ விடியற்காலையில்தான் வரும் என்று நம்பிவிடாதீர்கள், 2024 செப்டம்பர் 17 அன்று மாலையில் வந்து மரங்களைச் சாய்த்தது, காற்று மணிக்கு 83.2 கிலோமீட்டரைத் தொட்டது. லைஃப் ஜாக்கெட்டை ஏறும்போதே போடுங்கள், அடியில் வைத்திருப்பது உதவாது. கப்பல்களும் படகுகளும் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ உள்ள படகைப் பேசுங்கள். ஆபத்தில் அழைக்க வேண்டிய அலைவரிசை 16. குறைந்தது இரண்டு வாளி இருக்கட்டும், பம்பை நம்பவேண்டாம்.

திரும்பப் போனீர்களா என்று கேட்பீர்கள். போகிறோம். அண்ணி மட்டும் கரையோடு நின்றுவிட்டார், அவரை யாரும் வற்புறுத்துவதில்லை. அந்த இடத்துக்கு இப்போது என் மாமியார் வருகிறார். போன தடவை பெரிய கொடுவா அவர் தூண்டிலில்தான் மாட்டியது, அம்மாவும் அவரும் அதைக் குழம்பு வைப்பதா வறுப்பதா என்று துறை வந்து சேரும்வரை பேசித் தீரவில்லை.