"முயற்சி பண்றேன்"னு மட்டும் சொல்லாதீங்க தம்பி

தம்பி, நீங்க கேட்டது அஞ்சு கேள்வி. ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்து மூணு மாசம் ஆச்சு, வீடு எப்படிப் பிடிக்கிறது, இட்லி அரிசி எங்கே கிடைக்கும், அப்பா அம்மாவை ஒரு தடவை கூட்டிவர என்ன வழி, பெர்லின் சிநேகிதன் சொல்ற மாதிரி சாஃப்ட்வேருக்கு மாறிடலாமா. அப்புறம் போகிற போக்கில் ஒரு வரி: "மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, நீ என்ன நினைக்கிறேன்னே தெரியலைன்னு சொன்னார். இதைப் பெருசா எடுத்துக்கணுமா?"

எடுத்துக்கணும். மத்த நாலும் எப்படியாவது நடந்துவிடும். இந்த ஒரு வரியைப் பெரிசா எடுத்துக்காததால்தான் 2008இல் எனக்கு வேலை போச்சு.

நான் 2005 அக்டோபரில் கெம்னிட்ஸுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தவன். ஊர் நடுவில் ஏழு மீட்டர் உயரத்துக்கு கார்ல் மார்க்ஸின் தலை மட்டும் வெண்கலத்தில் உட்கார்ந்திருக்கும். கிழக்கு ஜெர்மனி காலத்தில் ஊர் பெயரே கார்ல் மார்க்ஸ் ஸ்டாட்தான். கல்விக் கட்டணம் இல்லை, வாடகையும் குறைவு என்பதால் நம்ம பக்கத்துப் பசங்க நிறையப் பேர் இருந்தோம். வினையே அதுதான். ஒரே சமையல், ஒரே அரட்டை, பரீட்சை மட்டும் ஆங்கிலத்தில் என்று இரண்டரை வருஷத்தை ஓட்டிவிட்டோம். எனக்கு ஜெர்மன் வந்தது ரொட்டிக் கடை வரைக்கும்தான். ஒரு அலுவலகத்தில் "ஹால்ப் ட்ரை"க்கு வரச் சொன்னார்கள். ட்ரை என்றால் மூணு, ஹால்ப் என்றால் அரை, மூணரை என்று கணக்குப் போட்டுக் குளித்துத் தலைசீவிக்கொண்டு போனேன். அது இரண்டரையாம். மூணை எட்ட அரை பாக்கி என்று அர்த்தம். அந்த அம்மா என்னையும் பார்க்கவில்லை, திட்டவும் இல்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தார்.

அப்புறம் வேலைக்கு வந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஆறு மாசம் ப்ரோபெட்சைட், நம்ம பாஷையில் தகுதிகாண் பருவம். அதற்குள் எந்தப் பக்கம் வேண்டாமென்றாலும் இரண்டு வாரம் நோட்டீஸ் போதும், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. நீங்க இப்போது சரியாக அதன் நடுவில் இருக்கிறீங்க, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

திங்கள்கிழமை கூட்டத்தில் மேலதிகாரி கேட்பார்: "இந்தக் கணக்கு வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?" நான் சொல்வேன்: "முயற்சி பண்றேன்." நம்ம ஊரில் இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். நடக்காதுங்க, ஆனா உங்க முகத்துக்கு நேரா எப்படிச் சொல்றது என்று அர்த்தம். கோயம்புத்தூர் கணபதியில் எங்கப்பா லேத் பட்டறை வைத்திருந்தார், பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைகிற வேலை. வருகிற ஆளிடம் "பாக்கலாங்க" என்பார். அந்த ஆளும் சரிங்க என்று டீ குடித்துவிட்டு நேராக அடுத்த பட்டறைக்குப் போய்விடுவார். ரெண்டு பேருக்கும் மனஸ்தாபம் இல்லை. இங்கேயோ மேலதிகாரி நோட்டை எடுத்து, வெள்ளி என்று எழுதி, அடியில் கோடும் போட்டார். வெள்ளிக்கிழமை வந்து கேட்டபோது நான் மறுபடியும் முயற்சி பண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

இன்னொன்று இதைவிட மோசம். "அந்த வரைபடத்தை இன்னும் அனுப்பலையா?" என்று ஒரு நாள் கேட்டார். நான் "யா" என்றேன். நம்ம தலைக்குள் ஓடுவது: ஆமாங்க, நீங்க சொல்றது சரி, இன்னும் அனுப்பலை. அவர் காதில் விழுந்தது: ஆமா, அனுப்பிட்டேன். இந்த மாதிரிக் கேள்விக்கு இவர்கள், அனுப்பவில்லை என்றால் "நைன்" என்பார்கள், அனுப்பியாச்சு என்றால் "டோஹ்" என்று தனியாக ஒரு வார்த்தையே வைத்திருக்கிறார்கள். கேட்கிறவர் சொன்னதை ஒப்புக்கொள்வது நமக்குப் பதில், நடந்தது என்ன என்பது அவர்களுக்குப் பதில். வரைபடம் போகவில்லை என்று மூணு நாள் கழித்து வாடிக்கையாளரே ஃபோன் பண்ணினார். பொய் சொன்னவன் என்று பெயரெடுத்தேன். நான் பொய்யே சொல்லவில்லை என்பதை விளக்க என்னிடம் பாஷை இல்லை.

அஞ்சாம் மாசம் காகிதம் வந்தது. கூடவே ஒரு நற்சான்றிதழ், ட்சொய்க்னிஸ் என்பார்கள். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். "எப்போதும் முயற்சி எடுத்துக்கொண்டவர்" என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். வேலையை விட்டு எடுத்தாலும் நல்ல மனுஷங்க என்று நினைத்துக்கொண்டு, கீழ்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் 1985இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயிலேறி மேற்கே வந்து அகதியாகப் பதிந்தவர். உணவகத்துச் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டே ஜெர்மன் படித்தவர். ரெண்டு தரம் படித்தார். "தம்பி, இதை ஒருத்தருக்கும் காட்டாதையும்" என்றார்.

விஷயம் இதுதான். சான்றிதழ் அடுத்த வேலைக்குத் தடையாக இருக்கக் கூடாது, நல்ல தொனியில்தான் எழுதணும் என்று சட்டம். அதனால் முதலாளிகள் ஒரு சங்கேத பாஷை கண்டுபிடித்துவிட்டார்கள். "எப்போதும் எங்கள் மிக முழுத் திருப்திக்கு" என்றால் முதல் தரம். வெறும் "முழுத் திருப்தி" என்றால் பரவாயில்லை ரகம். முழுசுக்கு மேலே என்ன மிக முழுசு என்று கேட்காதீங்க, ஜெர்மன் வாத்தியார்களே தலையில் அடித்துக்கொள்கிறார்கள். "முயற்சி எடுத்துக்கொண்டவர்" என்றால் ஒன்றுக்கும் ஆகாதவர். நாங்க எல்லாம் நேருக்கு நேர் பேசுகிற ஆளுங்க என்று பீற்றிக்கொள்கிற ஜனங்கள் இதில் மட்டும் நம்மையே மிஞ்சுகிறார்கள். நான் அஞ்சு மாசமாக வாயில் சொன்னதையே எழுத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்களே என்று அன்று ராத்திரி தூக்கமில்லை.

அண்ணர் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். "விளங்கேல்லை எண்டா விளங்கேல்லை எண்டு சொல்லும். இவங்கள் கோவிக்க மாட்டாங்கள். விளங்கின மாதிரித் தலையாட்டினாத்தான் கோவிப்பாங்கள்." திங்கட்கிழமை போய் மேனேஜரிடம் அரை மணி நேரம் கேளுங்க. என்ன புரிந்தது, என்ன புரியவில்லை, எது வெள்ளிக்கு முடியும், எது முடியாது, முடியாததற்கு என்ன வேண்டும். இவ்வளவுதான். கூட்டத்தில் ஒருத்தர் சொன்னது தப்பு என்று பட்டால் தப்பு என்று சொல்லுங்க, பத்து நிமிஷம் கழித்து அதே ஆள் உங்களோடு காபி குடிப்பார். முதல் தடவை எனக்குக் கை நடுங்கியது. எதிரே நின்றவருக்கு எங்க பெரியப்பா வயசு.

மரியாதை போய்விடுமோ என்று நீங்க பொள்ளாச்சிக்காரர் பயப்படுவது புரிகிறது. நம்ம கொங்கு வாய்க்கு நாய்க்குட்டியைக்கூட "வாங்க"ன்னுதான் கூப்பிட வரும். ஆனால் இந்த பாஷையிலும் நீ, நீங்க உண்டே! "ஸீ" என்றால் நீங்க, "டூ" என்றால் நீ. பெரியவர் அல்லது மேலே இருக்கிறவர்தான் "இனிமேல் டூ போடலாம்" என்று சொல்லணும், நாமாக ஆரம்பிக்கக் கூடாது. ஆங்கிலத்திலேயே காலம் தள்ளுகிறவர்களுக்கு இந்தச் சூட்சுமம் புரியவே புரியாது. பெர்லினில் அப்படி ஒரு கூட்டம் இருக்கிறது. பத்து வருஷமாச்சு, டாக்டரிடம் வயிற்றுவலி என்று சொல்லத் தெரியாது, ஆனால் "ஜெர்மன்காரன் முசுடு, யாரும் பழகமாட்டான்" என்று மட்டும் சொல்லத் தெரியும். கோப்பை கழுவின அண்ணருக்கு வந்த பாஷை, கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு வராதா? வேண்டாம் என்று விட்டதுதான். சரி, இதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் விடியும்.

சாஃப்ட்வேர் கேள்விக்கு வருகிறேன். உங்க கேள்வியை நீங்களே ஒரு தடவை திரும்பப் படித்துப் பாருங்க. கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டுகிற சி.என்.சி. மெஷின் ஓடுகிற ஹாலுக்குப் போனது, ஐந்து விதமாக அசைகிற ஃபைவ் ஆக்சிஸ் மெஷினில் உலோகத் துண்டு திரும்புவதை நின்று பார்த்தது என்று எட்டு வரி எழுதியிருக்கிறீங்க. சாஃப்ட்வேர் பற்றி எழுதியது ஒரே வரி, அதிலும் சம்பளம்தான். நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு மேனேஜருக்கு மட்டுமில்லை, உங்களுக்கே இன்னும் சொல்லிக்கொள்ளவில்லை என்று எனக்குப் படுகிறது. கார்த் தொழிலில் இப்போது ஆள்குறைப்புப் பேச்சு நிறைய இருக்கிறது, அதை மறைக்கவில்லை. அந்தப் பயத்தில் மாறுவதென்றால் மாறுங்க, தப்பில்லை. சிநேகிதன் சொன்னான் என்று மாறாதீங்க.

எனக்கும் சொல்லிக்கொள்ள நாலு வருஷம் ஆனது. கையில் எண்ணெய் படாத வேலைக்குப் போகணும் என்பதற்காகத்தான் அப்பா என்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தார். ரெண்டாவது வேலை ஸ்வேபிய மலைப்பக்கம் நாற்பது பேர் வேலை செய்கிற ஒரு பட்டறையில் கிடைத்தது, வரைபடப் பிரிவில். 2009இல் ஆர்டர் இல்லாமல் எல்லோருக்கும் குர்ட்ஸ்ஆர்பைட், குறைநேர வேலை. ஆளை அனுப்பாமல் நேரத்தைக் குறைத்து, போன சம்பளத்தில் ஒரு பங்கை அரசாங்கம் கொடுக்கும். வாரத்தில் ரெண்டு நாள் சும்மா. வீட்டில் உட்கார முடியாமல், பயிற்சிப் பட்டறையை நடத்திக்கொண்டிருந்த மைஸ்டரிடம், அதாவது தொழிலில் மேல்பட்டம் வாங்கின மேஸ்திரியிடம் போய், உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் ஒரு அரத்தையும் ஒரு துண்டு இரும்பையும் கையில் கொடுத்தார்.

இங்கே மெஷினிஸ்ட் வேலைக்கு மூன்றரை வருஷப் பயிற்சி. கொஞ்சம் பள்ளிக்கூடம், பெரும்பாலும் பட்டறை. பதினாறு பதினேழு வயசுப் பிள்ளைகள் கோடி ரூபாய் மெஷின்களைத் தொடுவதற்கு முன்னால் வாரக்கணக்கில் அரம் போடுகிறார்கள். இரும்பை வைஸில் பிடித்து, தள்ளி, தள்ளி, கத்திமுனை மாதிரி விளிம்புள்ள ஒரு மட்டக்கோலை அதன்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார்கள். நடுவில் ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தால் மறுபடியும் அரம். எனக்கு முதல் நாளே உள்ளங்கை கொப்புளித்தது. மூணாம் நாள், அந்த மண்ணெண்ணெய்யும் இரும்புத்தூளும் கலந்த வாடை மூக்கில் ஏறினபோது, நான் எட்டு வயசில் பள்ளிக்கூடம் விட்டு வந்து உட்கார்ந்த இடம் இதுதான் என்று தோன்றியது.

2012இல் பயிற்றுநர் பரீட்சை எழுதி அங்கேயே மாறிக்கொண்டேன். சம்பளம் குறைந்தது. வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. தீபாவளிக்குக் கூடுகிற இடத்தில் இன்னும் கேட்கிறார்கள்: "நீங்க இன்னும் லேத்துலதான் இருக்கீங்களா?" இந்த நாட்டுத் தகுதிப் படிநிலையில் மைஸ்டர் பட்டமும் பேச்சலர் டிகிரியும் ஒரே படிதான் என்று முதல் ரெண்டு வருஷம் விளக்கிக்கொண்டிருந்தேன். இப்போது "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு சட்னி ஊற்றிக்கொள்கிறேன்.

வீடு: கிடைக்கும், மூணு மாசம் அலையணும். இட்லி அரிசி: ஈழத்தமிழர் கடையில் கேளுங்க.

அப்பா அம்மா விசா: வருகை விசா 90 நாளுக்குக் கொடுப்பார்கள். செலவு என் பொறுப்பு என்று இங்குள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கணும், 30,000 யூரோவுக்காவது மருத்துவக் காப்பீடு வேணும். கூட்டிட்டு வாங்க. குளிர் முடிந்த பிறகு கூட்டிட்டு வாங்க.

எங்கப்பா 2014 ஜூனில் வந்தார். கோட்டை, ஏரி எதுவும் அவருக்கு ஒட்டவில்லை. ஒரு நாள் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். இதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன் என்பார் என்று பயம்தான். ஒன்றும் பேசாமல் வரிசையாகப் போய், ஒரு பையன் அரம் போட்டு வைத்திருந்த துண்டை எடுத்தார். மட்டக்கோலைச் சைகையால் கேட்டு வாங்கி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு இடத்தில் நகத்தால் ரெண்டு தட்டுத் தட்டி வைத்துவிட்டார். பையன் அந்த இடத்தைப் பார்த்தான், துண்டை மறுபடி வைஸில் ஏற்றினான். மைஸ்டர் என்னிடம், என்ன சொன்னார் என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "அப்படியென்றால் நல்லது" என்றார். ஸ்வேபியர்கள் திட்டவில்லை என்றாலே பாராட்டினதாகத்தான் கணக்கு.

திரும்பி வருகையில் பஸ்ஸில் அப்பா சொன்னார்: "அந்தப் பையன் அரத்தைப் பின்னால இழுக்கறப்பவும் அமுக்கறான். தள்ளறப்பத்தான் அமுக்கோணும், இல்லீன்னா அரம் மழுங்கிப் போயிரும். சொல்லு அவங்கிட்ட."

"நீங்களே கைகாட்டிச் சொல்லியிருக்கலாமேப்பா."

"வேத்தாளு பட்டறைல போயி நாம எப்படிச் சொல்றது?"

மறுநாள் காலை முதல் வேலையாகப் பையனிடம் சொன்னேன். அரத்தை ரெண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, "சரிதான். ஆனால் உங்க அப்பா இதை ஏன் நேற்றே சொல்லவில்லை?" என்று கேட்டான்.