உங்களுக்குப் பிடித்த பெரிய முழு எண் எது? ஏன்?

73939133. ரொம்பப் பெரியது என்று சொல்ல முடியாது, வெறும் எட்டு இலக்கம், நம்ம சிங்கப்பூர் போன் நம்பர் அளவுதான்.

இது ஒரு பகா எண். வலது ஓர இலக்கத்தை எடுத்துவிட்டால் 7393913, அதுவும் பகா எண். இன்னொன்றை எடுத்தால் 739391, அதுவும்தான். இப்படியே 73939, 7393, 739, 73 என்று தேய்ந்து கடைசியில் 7 நிற்கும் வரை ஒன்றுகூட ஏமாற்றாது. இந்தக் குணம் உள்ள எண்கள் மொத்தமே 83தான், அதில் பெரியது இது.

அக்கா மகன் செகண்டரி ஒன்று படிக்கிறான், பிரைம் நம்பர் என்றாலே கொட்டாவி. போன மாதம் தேக்கா மார்க்கெட்டில் தே தாரிக் வரும்வரை ரசீதுக்குப் பின்னால் இந்த எண்ணை எழுதி, வலப்பக்கத்திலிருந்து கட்டைவிரலால் ஒவ்வொன்றாக மறைத்துக் காட்டினேன். நம்பவில்லை. 739ஐ 23 வரைக்கும் உள்ள பகா எண்களால் அவனே வகுத்துப் பார்த்தான், எல்லாவற்றிலும் மீதி வந்தது, அப்புறம்தான் "ஏன் மாமா எட்டோடு நின்னுடுச்சு?" என்று கேட்டான்.

அதுதான் சரியான கேள்வி. வலப்பக்கம் ஒட்டும் இலக்கம் 1, 3, 7, 9 இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்க முடியும், மற்றது எது வந்தாலும் 2 அல்லது 5ஆல் வகுபட்டுவிடும். இப்போது இலக்கங்களின் கூட்டுத்தொகையைப் பாருங்கள், அதை 3ஆல் வகுத்தால் வரும் மீதிதான் எண்ணை வகுத்தாலும் வரும். 7ஐ 3ஆல் வகுத்தால் மீதி 1. பக்கத்தில் 3, 9 எத்தனை ஒட்டினாலும் மீதி மாறாது, ஆனால் 1 அல்லது 7 ஒட்டினால் மீதி 2 ஆகும், இன்னொரு தடவை ஒட்டினால் 3ஆல் வகுபட்டுப் போகும். ஆக 1, 7 இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாய்ப்புதான், நம்ம எண் அதை ஆறாவது இடத்திலேயே செலவழித்துவிட்டது. ஒன்பதாவது இலக்கத்துக்கு மிச்சம் 3ம் 9ம்தான். 739391333, 739391339 இரண்டுமே பகா எண் இல்லை. கதை முடிந்தது.

இடப்பக்கத்திலிருந்து இலக்கங்களை உதிர்த்தால் நிலைமையே வேறு. முன்னால் ஒட்ட 1 முதல் 9 வரை எதையும் வைக்கலாம் என்பதால் (பூஜ்யம் கூடாது) அந்த வகையில் 4260 எண்கள் தேறுகின்றன, பெரியதற்கு 24 இலக்கம்: 357686312646216567629137.

"நம்ம போன் நம்பர்ல இப்படி வருமா?" என்றான். வலமிருந்து உதிர்த்தால் கடைசியில் முதல் இலக்கம்தானே நிற்கும், கைபேசி எண்கள் 8, 9இல் தொடங்கும், வீட்டு போன் 6இல், மூன்றுமே பகா எண் இல்லை, அங்கேயே அவுட். சரி, இடமிருந்து பார்க்கலாம் என்று போனைத் திறந்தான். அவன் நம்பர் 4இல் முடிகிறது. அக்கா நம்பர் 3இல் முடிகிறது என்று துள்ளினான், ஆனால் கடைசி இரண்டு இலக்கம் 63.