இரண்டாவது நகரம் – கடிதம்

அன்புள்ள சார்,

சிகாகோ புறநகரில் ஐந்து வருடமாக இருக்கிறோம். இப்போது கம்பெனியில் நியூஜெர்சி பக்கம் மாற்றல் தருவதாகச் சொல்கிறார்கள். எனக்கும் மனைவிக்கும் நாடகம், இசை, ஓவியம் எல்லாவற்றிலும் ஈடுபாடு உண்டு. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் ஓவிய அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போவோம். ஆனால் நண்பர்கள் எல்லாரும் ‘கலை என்றால் நியூயார்க்தான், சிகாகோ எப்போதும் இரண்டாவதுதான்’ என்கிறார்கள். பிராட்வே நாடக அரங்குகள், மெட்ரோபாலிட்டன் மியூசியம், லிங்கன் சென்டர் என்று எண்ணிப்பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது. எங்கள் மகளுக்கு 14 வயது. சனிக்கிழமைதோறும் இம்ப்ரொவ் வகுப்புக்குப் போகிறாள். எழுதி வைத்த வசனம் எதுவும் கிடையாது, மேடை ஏறி வாய்க்கு வந்ததைப் பேசுவதுதான். முடியும்வரை நான் காரில் லேப்டாப்போடு இருப்பேன். இந்த விளையாட்டை விட்டுவிட்டு நியூயார்க்கில் முறையான நாடகப் பயிற்சியில் சேர்த்தால் நல்லதல்லவா? இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டு, பார்க்கவேண்டியவற்றைப் பட்டியலாகத் தந்தால் உதவியாக இருக்கும்.

ர.

அன்புள்ள ர.,

மாற்றலை ஏற்பதா வேண்டாமா என்பதை வாடகை, பள்ளிக்கூடம், உங்கள் மனைவியின் வேலை இதையெல்லாம் பார்த்து முடிவு செய்யுங்கள். பட்டியல் தரமாட்டேன், அது எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் கிடைக்கும். ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போவது நல்ல விஷயம், 1893ல் விவேகானந்தர் பேசிய கட்டடம் அது என்று வருகிறவர்களிடம் சொல்லியிருப்பீர்கள், நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் உங்கள் கடிதத்தில் இரண்டு சொற்களைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. ஒன்று ‘இரண்டாவது’. இன்னொன்று ‘இந்த விளையாட்டு’.

முதல் சொல்லை முடித்துவிடுகிறேன். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிகாகோ பத்து லட்சத்தைத் தாண்டி நியூயார்க்குக்கு அடுத்த இடத்துக்கு வந்தது. 1952ல் லீப்ளிங் என்ற நியூயார்க் பத்திரிகையாளர், நியூயார்க்கர் இதழில் ‘இரண்டாவது நகரம்’ என்று தலைப்புப் போட்டுச் சிகாகோவைப் பற்றி இளக்காரமாக ஒரு தொடர் எழுதினார். 1959 டிசம்பரில் சிகாகோவில் சில இளைஞர்கள் இம்ப்ரொவ் நாடக அரங்கு ஒன்றைத் திறந்தபோது அந்த வசவையே எடுத்துப் பெயராக மாட்டினார்கள், செகண்ட் சிட்டி. உங்கள் நண்பர்கள் இன்றைக்கும் அதை வசவாகவே சொல்கிறார்கள் என்றால், செய்தி அவர்களுக்கு அறுபது வருடத்துக்கு மேலாக வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம்.

சரி, இப்போது விளையாட்டு. உங்கள் மகள் ஆடுவது எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? 1889ல் ஜேன் ஆடம்ஸும் எலன் கேட்ஸ் ஸ்டாரும் சிகாகோவின் மேற்குப் பகுதியில், குடியேறிகளுக்கு உதவ ஹல் ஹவுஸ் என்று ஒரு வீட்டைத் திறந்தார்கள். சுற்றிலும் இத்தாலியர்கள், கிரேக்கர்கள், ரஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள் என்று கப்பலில் வந்து இறங்கிய ஏழை ஜனங்கள். 1920களில் அங்கே நீவா பாய்ட் என்ற அம்மையார் குழு விளையாட்டுகளைப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்தவர் வயோலா ஸ்போலின், அவரும் ரஷ்ய யூதக் குடியேறிகளின் மகள்தான். 1930களின் பொருளாதாரப் பெருமந்த காலத்தில் அரசாங்க வேலைத்திட்டத்தில் இவரை நாடகம் கற்பிக்கப் போட்டார்கள். வந்த பிள்ளைகளிடம் பேசி நடிக்கப் பொது மொழி இல்லை. அதனால் விளையாட்டுகளை உருவாக்கினார். எதிரே நிற்பவன் செய்வதைக் கண்ணாடிபோலச் செய், இல்லாத பந்தை அவனிடம் எறி, அவன் பிடித்ததும் அதன் கனம் அவன் கையில் தெரியவேண்டும். ஸ்போலினின் மகன் பால் சில்ஸ்தான் செகண்ட் சிட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். மொழி தெரியாமல் வந்திறங்கியவர்களின் பிள்ளைகளுக்காகச் செய்த கலை இது. கடல் தாண்டிப் போய்க் குடியேறிய ஒருவர் இதை ‘வாய்க்கு வந்ததைப் பேசுவது’ என்று எழுதுகிறாரே என்று எனக்கு உண்மையாகவே வருத்தம்.

அதன் முதல் பாடம், எதிராளி எது சொன்னாலும் ‘ஆமாம்’ என்று ஏற்றுக்கொண்டு அதன்மேல் ஒன்றைச் சேர்ப்பது. நம் வீட்டில் கதை கேட்கிற குழந்தை ‘ம்… அப்புறம்?’ என்று கேட்குமே, அதேதான், ஆனால் அடுத்ததை அந்தக் குழந்தையே சொல்லவேண்டும். இதற்கு எவ்வளவு காது வேண்டும் என்று யோசித்துப்பாருங்கள்.

எனக்கு இது புரிந்தது சிகாகோவின் வடபகுதியில், ஒரு பிப்ரவரி வியாழக்கிழமை இரவில். கடைவீதியில் முன்பு ஏதோ கடையாக இருந்த இடத்தில் நாற்பது நாற்காலி போட்டு நாடகம் நடத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் 11 பேர், நடிகர்கள் ஏழு பேர். வாசலில் எங்கள் பனிக்காலணிகளிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. டிக்கெட் கிழித்துக் கொடுத்த பெண்தான் பத்து நிமிடம் கழித்துக் கதாநாயகியாக வந்தார், கணவன் சொல்லாமல் போய்விட்ட வீட்டில் துணி மடிக்கிற ஒருத்தி. சுவரோரம் பழைய நீராவி ஹீட்டர் இருந்தது. நாடகம் நடக்கும்போதே அது டங் டங் என்று தட்டியது. அவர் மடிப்பதை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் தலையைக் குனிந்து அதே சட்டையை முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தார். பக்கத்தில் இருந்த முதியவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. முடிந்தபின் தயங்கித் தயங்கிக் கேட்டேன், ஹீட்டர் தட்டுவது நாடகத்தில் எழுதியிருக்கிறதா என்று. இல்லை, தினமும் ஒவ்வொரு நேரத்தில் தட்டும், முதல் வாரம் அழுகையாக வந்தது, அப்புறம் எப்போது தட்டினாலும் அவன் வந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டேன் என்றார். பேசிக்கொண்டே நாற்காலிகளை அடுக்கினார். நானும் நாலைந்து நாற்காலிகளை எடுத்து வைத்தேன்.

இதைப் பிராட்வேயில் பார்க்க முடியாது. அங்கே திறமை குறைவு என்பதல்ல. 500 இருக்கைக்கு மேல் இருந்தால்தான் அது பிராட்வே அரங்கு, ஒரு தயாரிப்பில் பல மில்லியன் டாலர் முடங்கியிருக்கிறது, ஹீட்டர் தட்ட விடமாட்டார்கள். அங்கே போய்ச்சேருவது தேறிய சரக்கு. தேறுவதற்கு முன்னால் மோசமாக நடிக்க ஓர் இடம் வேண்டுமே, குறைந்த வாடகையில், பத்துப் பேர் முன்னால்? ஸ்டெப்பன்வுல்ஃப் குழு 1976ல் சிகாகோவுக்கு வடக்கே ஹைலண்ட் பார்க்கில், ஒரு தேவாலயப் பள்ளியின் நிலவறையில் 88 இருக்கைகளோடு நாடகம் போட்டது. பின்னால் பெயர்பெற்ற நடிகர்களான கேரி சினீஸ், ஜான் மால்கோவிச் எல்லாம் அப்போது இருபதை ஒட்டிய பையன்கள். அவர்கள் நாடகம் நியூயார்க் போனது 1982ல்.

இதை வைத்து நான் நியூயார்க்கைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நியூயார்க்கிலும் பெரிய விஷயம் சின்ன அறையில்தான் பிறந்திருக்கிறது. 1973 ஆகஸ்ட் 11, பிராங்க்ஸில் செட்ஜ்விக் அவென்யூ அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது அறையில், கூல் ஹெர்க் என்ற பையன் தன் தங்கை ஏற்பாடு செய்த விருந்தில் இசைத்தட்டு சுழற்றினான். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவு. ஹிப்ஹாப் பிறந்த நாள் என்று அதைத்தான் கொண்டாடுகிறார்கள். அதே பிராங்க்ஸில் பிறந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் 1977ல் சிகாகோவுக்கு வந்து வேர்ஹவுஸ் என்ற கிளப்பில் தட்டுச் சுழற்றியதில் ஹவுஸ் என்ற நடன இசை பிறந்தது. சிகாகோ மேடையில் தேறிய ஜான் பெலுஷி நியூயார்க் போய், 1975ல் சாட்டர்டே நைட் லைவ் என்ற தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் சேர்ந்தார், சிகாகோவிலிருந்தே போன டினா ஃபே பிற்பாடு அதற்கே தலைமை எழுத்தாளரானார். போக்குவரத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. முதலாவது இரண்டாவது என்று எண் போடுகிறவர்கள் இந்த அறைகளுக்குள் கால் வைக்காதவர்கள்.

நீங்களும் வைக்கவில்லை, அதுதான் என் கோபம். ஐந்து வருடம் அந்த ஊரில் இருக்கிறீர்கள். ஒரு சின்ன அரங்கின் பெயர்கூட உங்கள் கடிதத்தில் இல்லை. ஜூன் மாதம் மில்லேனியம் பூங்காவில் ப்ளூஸ் விழா நடக்கிறது, காசு கிடையாது, அதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, சொந்த மகள் ஆடுவதை ஒரு சுவர் தள்ளி உட்கார்ந்து பார்க்காமல் இருக்கிறீர்கள்!

மாற்றல் கிடைத்தால் போங்கள், நியூயார்க்கிலும் அவளுக்கு இம்ப்ரொவ் வகுப்பு இருக்கும். அதற்கு முன்னால், வரும் சனிக்கிழமை லேப்டாப்பை வீட்டில் வையுங்கள். உள்ளே வரலாமா என்று மகளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்த வேண்டாம், 14 வயதில் அப்பா முன்னால் சொதப்புவது பெரிய கஷ்டம். சரி என்றால் கடைசி வரிசையில் போய் உட்காருங்கள், படம் எடுக்காதீர்கள். ஒரு நொடி அவள் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பாள், எதிரே இருக்கும் பிள்ளை எதையாவது தூக்கிப் போடும், அவள் பிடிப்பாள். அந்த நொடியைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.