எஸ் போதுமா, இ-எஸ் வேண்டுமா?

கேள்வி: என் மகள் மூன்றாம் வகுப்பு. ஆங்கிலப் பன்மை விதிகளைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால் டிக்டேஷனில் பாக்ஸ், பேபி எல்லாவற்றுக்கும் வெறும் எஸ் போட்டுவிட்டு வருகிறாள். எத்தனை தடவை இம்போசிஷன் எழுத வைத்தாலும் மாறவில்லை. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த இம்போசிஷனை நிறுத்துங்கள். கைதான் வலிக்கும், இந்த விதியில் பாதி காதில் இருக்கிறது. 'கேட்' என்று சொல்லி, அசைக்கு ஒரு தட்டாக மேசையில் தட்டச் சொல்லுங்கள், ஒரு தட்டு. 'கேட்ஸ்', அதுவும் ஒரு தட்டுதான். 'பாக்ஸ்' ஒன்று, 'பாக்ஸஸ்' என்றால் இரண்டு. தட்டு கூடினால் இ-எஸ், அவ்வளவுதான். பஸ், பிரஷ், பெஞ்ச் எல்லாம் இதில் அடங்கிவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள், நம் பிள்ளைகள் 'பாக்ஸு', 'பஸ்ஸு' என்று ஓர் உகரம் சேர்த்துத்தான் சொல்வார்கள், அப்படிச் சொன்னால் கணக்கு தப்பிவிடும், அதனால் ஸ்-இல் நிறுத்திப் பழக்குங்கள். ஹவுஸ், ஆரஞ்ச் போன்றவற்றில் கடைசியில் ஏற்கெனவே இ இருப்பதால் தட்டு கூடினாலும் எஸ் போதும். 'ஸ்டமக்' சி-எச்சில் முடிந்தாலும் ஒலி 'க்'. தட்டு கூடவில்லை, அதனால் அதற்கும் எஸ்தான். எழுத்தை மட்டும் பார்த்து விதியை ஒப்பிக்கிற பிள்ளை இங்கேதான் சறுக்கும்.

சரி, பேபி? அதற்குத் தமிழிலிருந்தே போகலாம். மரத்துக்குப் பன்மை கேளுங்கள், 'மரம்கள்' என்று சொல்லமாட்டாள், மரங்கள் என்பாள். கள் வந்து சேரும்போது ம் மாறுகிற மாதிரி, பேபியில் ஒய் ஐ ஆகி இ-எஸ் சேர்கிறது என்று காட்டுங்கள், சட்டென்று பிடித்துக்கொள்வாள். ஒய்க்கு முன்னால் ஆங்கில உயிரெழுத்து இருந்தால், அதாவது பாய், கீ மாதிரி வந்தால், ஒய் அசையாது, எஸ் மட்டும்.

சில சமயம் அந்த எஸ்ஸையே விட்டுவிடுவாள். தமிழில் நாம் 'பத்து பென்சில்' என்றுதானே சொல்கிறோம்? அதைக் கவனக்குறைவு என்று திட்டாதீர்கள். டிக்டேஷன் சொல்லும்போது தனிச்சொல்லாகச் சொல்லாமல் 'டென் பென்சில்ஸ்' என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், பொட்டேட்டோவுக்கு இ-எஸ், போட்டோவுக்கு எஸ், இதற்குக் காது உதவாது, கண்ணால் பார்த்துப் பழக வேண்டியதுதான். வாரத்துக்கு இரண்டு சொல் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள், போதும். டீத், மைஸ், சில்ரன் எல்லாம் கதைப்புத்தகம் வாசிக்க வாசிக்கத் தானாக வரும், அவற்றை இப்போதே இதோடு சேர்த்துத் திணிக்க வேண்டாம்.