சேமிப்பில் பாதியைப் புது எஞ்சினில் போடலாமா?

கேள்வி: என்னிடம் 1967 ஃபோர்டு மஸ்டாங் கூபே இருக்கிறது. பாடி வேலையும் பெயின்ட்டும் முடிந்துவிட்டன. பழைய 289 கன அங்குல வி8 எஞ்சின் நீலப் புகை விடுகிறது, ஆயிலைக் குடிக்கிறது. அதைத் தூக்கிவிட்டு ஃபோர்டின் புது 5.0 லிட்டர் கொயோட்டி எஞ்சினைப் போட ஆசை, 460 குதிரைத்திறன். எஞ்சின் விலையே என் ஐந்து வருடச் சேமிப்பில் பாதிக்கு மேல் ஆகிவிடும். பற்றாக்குறைக்குத் தனிநபர் கடன் வாங்கலாமா? காரின் மதிப்பும் ஏறும்தானே?

பதில்: கடன் வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினை மாற்றாதீர்கள் என்று சொல்லவில்லை, ஆசைப்பட்ட காரை ஆசைப்பட்டபடி ஓட்டுவதற்குத்தானே சம்பாதிக்கிறோம். ஆனால் நீங்கள் எஞ்சினின் விலையை மட்டும் பார்த்திருக்கிறீர்கள், அதன் பின்னால் வரும் பில்லைப் பார்க்கவில்லை.

உங்கள் காரின் பானெட்டைத் திறந்து இரண்டு பக்கமும் பாருங்கள். முன் சக்கர ஸ்பிரிங்கைத் தாங்கி நிற்கும் இரும்புக் கோபுரம் இரண்டு தெரியும், ஷாக் டவர் என்பார்கள். கொயோட்டி எஞ்சினில் சிலிண்டர்களுக்கு மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் நான்கு, அதனால் அகலம் அதிகம், அந்தக் கோபுரங்களுக்கு நடுவில் லேசில் அடங்காது. பெரும்பாலும் அவற்றை வெட்டி எடுத்து முன் சஸ்பென்ஷனையே மாற்ற வேண்டியிருக்கும். அப்புறம் கம்ப்யூட்டர், வயரிங், டேங்கிலிருந்து அதிக அழுத்தத்தில் பெட்ரோல் தள்ளும் பம்ப், புது ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், பிரேக். உங்கள் காரில் முன்னால் டிரம் பிரேக் இருந்தால் 460 குதிரைத்திறனை அதை நம்பி ஓட்ட முடியாது. இப்படி எஞ்சினை மாற்றியவர்களின் கணக்குகளை நான் பார்த்தவரையில், எஞ்சினுக்குக் கொடுத்த பணத்துக்குக் குறையாமல் இன்னொரு பங்கு இதற்கெல்லாம் போயிருக்கிறது. உங்கள் சேமிப்பு அதிலேயே தீர்ந்துவிடும்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் இதே மாதிரி எஞ்சினை முதலில் வாங்கிவிட்டார். அவர் வீட்டு ஷெட்டில் அதைப் பார்த்தேன். பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், துளைகளில் மாட்டியிருந்த மூடிகள்கூடக் கழற்றப்படாமல், மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. வயரிங்குக்கும் கியர்பாக்ஸுக்கும் கையில் பணம் இல்லை, கடன் தவணை மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள்கூட ஸ்டார்ட் செய்யாத எஞ்சினுக்கு உத்தரவாதக் காலம் முடிந்துபோனது. அந்த ஷெட்டிலிருந்து திரும்பியதிலிருந்து இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன்.

சரி, அப்படியானால் என்ன செய்யலாம்? சேஸிஸ் எண்ணின் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள். அது ‘சி’ என்றால் இரட்டைத் துளை கார்புரேட்டர் வைத்த சாதாரண 289. அன்றைய விளம்பரத்தில் அதற்கு 200 குதிரைத்திறன். அந்தக் காலத்தில் ஏர் ஃபில்டர், முழு எக்ஸாஸ்ட் எதுவும் மாட்டாமல் டெஸ்ட் பெஞ்சில் அளந்த கணக்கு அது, 1972 வாக்கில்தான் அமெரிக்க கம்பெனிகள் எல்லாவற்றையும் மாட்டி அளந்த எண்ணைப் போட ஆரம்பித்தன. எனவே இன்றைய முறையில் அளந்த 300 குதிரைத்திறன் கிடைத்தாலே உங்கள் காருக்கு அது வேறு உலகம். காரின் எடை சுமார் 1,300 கிலோதான், டன்னுக்கு 230 குதிரைத்திறன் வந்துவிடும். அதே 460 குதிரைத்திறன் எஞ்சினோடு 2018 முதல் 2023 வரை வந்த மஸ்டாங்கின் எடை 1,700 கிலோவை நெருங்கியது, அதில் டன்னுக்கு 270. கடன் இல்லாமலேயே அந்தக் காருக்கு இவ்வளவு பக்கத்தில் வந்துவிடலாம் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் சொல்வது ஃபோர்டின் 302. 1968-ல் வந்த எஞ்சின், உங்கள் 289-இன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றுதான், 4 அங்குலம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் கொஞ்சம் கூடுதல். அதே மவுண்டில் உட்காரும், ஒரு இடத்தையும் வெட்ட வேண்டாம். ரோலர் கேம், அலுமினிய ஹெட், ஃப்யூயல் இன்ஜெக்ஷன், ஐந்து கியர் பெட்டி என்று கட்டினால் 300-ஐத் தாண்டலாம், குளிர் காலையிலும் ஒரே சாவித் திருப்பலில் ஸ்டார்ட் ஆகும். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: 1980-களில் 302-இன் பேலன்ஸ், அதாவது சுழலும் பாகங்களைச் சமன்செய்யும் எடையின் கணக்கு, 28 அவுன்ஸிலிருந்து 50-க்கு மாறியது, எஞ்சினுக்குப் பொருந்தாத ஃபிளைவீலை (எஞ்சினின் பின்னால் சுழலும் கனமான சக்கரத்தை) மாட்டினால் கார் அதிரும், திரும்பவும் எல்லாவற்றையும் இறக்க வேண்டும், கூலி இரண்டு மடங்கு.

பழைய 289-ஐ விற்காதீர்கள், ஆயில் தடவி உறை போட்டு வையுங்கள். மதிப்பு ஏறுமா என்று கேட்டீர்கள் இல்லையா, அதற்கான பதில் இதில்தான் இருக்கிறது. எஞ்சின் மாற்றத்துக்குப் போட்ட பணம் விற்கும்போது முழுசாகத் திரும்புவது அபூர்வம். ஆனால் எதையும் வெட்டாமல், ஒரிஜினல் எஞ்சினையும் கூடவே கொடுக்கும் காரை இரண்டு வகை ஆட்களும் கேட்பார்கள், பழையபடி வேண்டும் என்பவரும், ஏறி ஓட்டினால் போதும் என்பவரும். கோபுரத்தை வெட்டிய காருக்கு முதல் வகை ஆள் வரமாட்டார். (சேஸிஸ் எண்ணின் அந்த ஐந்தாவது எழுத்து ‘கே’ என்றால் மட்டும் நான் சொன்ன எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். அது 271 குதிரைத்திறன் அரிய வகை, அந்த எஞ்சினையே ரீபோர் செய்து, அதாவது தேய்ந்த சிலிண்டர்களைக் கடைந்து, பழையபடி கட்டுவதுதான் பணத்துக்கு நல்லது.)

பணத்தை இப்படிப் பிரியுங்கள். ஆறு மாத வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தைத்தான் கார் பணம் என்று நினைக்க வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாதீர்கள், பழைய காரில் பிரிக்கப் பிரிக்க ஏதாவது ஒன்று வெளியே வரும். முதலில் பிரேக், அடுத்து ரேடியேட்டரும் பெட்ரோல் பம்பும், கியர்பாக்ஸ், எல்லாம் கைக்கு வந்த பிறகு கடைசியில் எஞ்சினுக்கு ஆர்டர் கொடுங்கள். இடையில் பணம் தீர்ந்தால் நின்றுவிடுங்கள், அடுத்த போனஸ் வரும்வரை கார் காத்திருக்கும், அதற்கு வட்டி கிடையாது.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் இரண்டு இடத்தில் பேசிவிடுங்கள். எஞ்சின் எண் மாறினால் பதிவுப் புத்தகத்தில் எப்படிப் பதிவது, புகைச் சோதனையில் காரின் வருடத்தைப் பார்ப்பார்களா எஞ்சினின் வருடத்தையா என்று பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்தில், இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்குப் பாலிசி தருவார்களா என்று கேளுங்கள். மாற்றத்தை மறைத்து வைத்தால் விபத்து நடந்த அன்று கிளைம் நிராகரிக்கப்படலாம். ஒவ்வொரு பில்லையும், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோக்களையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள், மதிப்பு பேசும்போது அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.