குனிந்தவர்கள் ஏன் விழுகிறார்கள்?

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் ‘கதிர் பொறுக்கும் பெண்கள்’ ஓவியத்தை எண்ணெய் வண்ணத்தில் படியெடுக்கிறேன். மூன்று பெண்களும் குப்புற விழப்போகிறவர்கள் மாதிரி இருக்கிறார்கள். பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணத்தை விட்டுவிட்டு ரா அம்பர் என்ற இன்னொரு பழுப்பை வாங்கட்டுமா? மில்லே சோஷலிஸ்டா?

அன்புள்ள நண்பருக்கு,

பாரிஸில் நடந்த 1857 சலோன் ஓவியக் கண்காட்சியில் இந்தப் படம் சிலரை மிரட்டியது. அதனால் மில்லே கொடிபிடித்தவர் ஆகிவிடமாட்டார். அந்தப் பேச்சு போதும். அம்பர் எதுவானாலும் சரி. விழுகிற உருவத்தை எந்த டியூபும் தூக்கி நிறுத்தாது.

நீங்கள் முதுகிலிருந்து ஆரம்பித்திருப்பீர்கள். வளைந்த முதுகு கண்ணை இழுக்கும். பலரும் அதை முடித்துவிட்டு அதற்குக் கால் தேடுவார்கள். குனிகிற உடம்பில் தலையும் தோளும் முன்னே போனால் இடுப்பு பின்னே போயாக வேண்டும். பாரம் முழுக்கப் பாதங்களுக்கு மேல் வந்து விழுந்தால்தான் ஆள் நிற்பாள். ஒரு நூலில் சின்னக் குண்டு கட்டி, அச்சுப்படத்தில் இடுப்புக்கு நேராகத் தொங்கவிட்டுக் குதிகால் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதையே உங்கள் கித்தானிலும் செய்யுங்கள். தப்பு அங்கேயே தெரிந்துவிடும்.

மில்லே கால்களைப் பாவாடைக்குள் ஒளித்திருக்கிறார். அதற்காகப் பாவாடையைக் கோணிப்பை மாதிரி வரையலாமா? கரித்துண்டால் முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு. துணியைக் கடைசியில் போர்த்துங்கள். இடுப்பும் முழங்காலும் துணியை முட்டுகிற இடத்திலிருந்துதான் மடிப்புகள் கிளம்பும். நீலத் தலைத்துணிக்காரியின் ஒரு கை முதுகின்மேல் மடிந்திருக்கிறதே, அது அழகுக்கு வைத்த கை இல்லை. பொறுக்கிய கதிர்கள் அதில் இருக்கின்றன. விரல்களை இறுக்கி வரையுங்கள், தளர்ந்தால் கதிர் உதிர்ந்துவிடும்.

மூவரையும் தனித்தனியே கோடுகட்டி முடிக்காதீர்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, நிழல்களை ஒரே திட்டாக முதலில் போடுங்கள். இடைவெளிகள் ஒரே அளவானால் பொம்மை வரிசை ஆகிவிடும். முதல் பூச்சு டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாக இருக்கட்டும். எண்ணெய் கூடுதலான பூச்சு அதன்மேல் வர வேண்டும். மாற்றிச் செய்தால் மேலே உள்ளது முதலில் காய்ந்து வெடிக்கும்.

தூரத்துக் கதிர்ப்போர்களில் அடர் நிறத்தை வெளுக்க வைத்துக்கொள்ளுங்கள். வலப்பக்கம் குதிரையில் இருக்கும் மேற்பார்வையாளருக்கு இரண்டு தூரிகைத் தடம் போதும். அவருக்கு முகம் வரைந்தால் அந்த வயல்வெளி முழுக்க முன்னே வந்து ஒட்டிக்கொள்ளும்.