லண்டன் அணிவகுப்பைக் களுவாஞ்சிகுடியில் பார்க்க ‘ஆயுள் காலப் பெட்டி’ தேவையா?

கேள்வி: எங்கள் மாமி பல வருடங்கள் லண்டனில் மகனுடன் இருந்துவிட்டு ஊரோடு வந்திருக்கிறார். அங்கே ஒவ்வொரு ஜூன் மாதமும் மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்பைத் தொலைக்காட்சியில் தவறாமல் பார்த்தவர். இம்முறை அயலவர்கள், உறவினர்கள் என்று நாற்பது பேரளவில் அழைத்து, எங்கள் வளவில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறார். வீட்டுக்கு வந்த ஒருவர், இங்கிலாந்தின் எல்லா அலைவரிசைகளும் ஆயுள் முழுக்க வரும் பெட்டியொன்றை 28,000 ரூபாவுக்குப் பூட்டித் தருவதாகவும், அன்றைக்குப் புரொஜெக்டர் வாடகைக்குக் கொண்டுவருவதாகவும் சொல்கிறார். 3,000 ரூபா முற்பணம் கொடுத்துவிட்டோம். மீதியைக் கொடுக்கலாமா? – வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: மீதியைக் கொடுக்க வேண்டாம். பெட்டியும் வேண்டாம், புரொஜெக்டரும் வேண்டாம். உங்கள் மாமியின் ஆசை நிறைவேறத் தேவையானவற்றில் பெரும்பாலானவை உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஏற்கெனவே இருக்கின்றன.

மன்னர் சார்ள்ஸ் பிறந்தது நவம்பர் 14ஆம் திகதி என்றாலும், இந்த அணிவகுப்பு நல்ல காலநிலையை நம்பி ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிலேயே நடத்தப்படுகிறது. ஏறத்தாழ 1,400 படையினரும் 200 குதிரைகளும் 400 வாத்தியக் கலைஞர்களும் பங்குகொள்ளும் நிகழ்ச்சி இது. உலகச் செய்தி நிறுவனங்கள் இத்தகைய வைபவங்களைத் தத்தம் யூடியூப் பக்கங்களில் இலவசமாகவே நேரலையில் தருகின்றன. 2023ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி நடந்த முடிசூட்டு விழாவையே அரண்மனை தன் சொந்த யூடியூப் பக்கத்தில் உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டிருந்தது. இலவசமாகக் கிடைப்பதை 28,000 ரூபாவுக்கு விற்கும் திறமையைப் பாராட்டலாம். அதற்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இந்தப் பெட்டி வியாபாரம் இரண்டு வகைப்படும். ஒருவர் டிஷ் அன்டெனாவைக் காட்டி, அதைச் சற்றுத் திருப்பினால் இங்கிலாந்து வரும் என்பார். அது நடக்காத காரியம். இங்கிலாந்து வீடுகளுக்கென்று நிகழ்ச்சிகளை அனுப்பும் செய்மதி, டோர்ச் வெளிச்சத்தைப் போலத் தன் அலைகளை அந்த நாட்டின் பக்கமாகக் குவித்தே அனுப்புகிறது; மட்டக்களப்பில் எவ்வளவு பெரிய டிஷ்ஷை வைத்தாலும் அந்த வெளிச்சம் இங்கே விழாது. மற்றவர், உங்களிடம் வந்தவரைப் போல, இணையத்தில் இயங்கும் சிறிய கறுப்புப் பெட்டியைக் கொண்டுவருவார். அதில் வருபவை யாரோ திருட்டுத்தனமாகப் பிடித்து மறு ஒளிபரப்புச் செய்யும் அலைவரிசைகள். அவரே நேரில் வந்து ஓட்டிக் காட்டும்போது படம் பளிச்சென்று தெரியும். பெரிய நிகழ்ச்சி நடக்கும் நாளில், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திறக்கும்போது, வட்டம் மட்டுமே சுற்றிக்கொண்டிருக்கும். ‘ஆயுள் காலம்’ என்பது யாருடைய ஆயுள் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். எங்கேயோ இருக்கும் அந்த சேர்வர் மூடப்படும் நாளோடு பெட்டியின் ஆயுள் முடியும்; விற்றவரின் தொலைபேசி பெரும்பாலும் அதற்கு முன்பே அணைந்துவிடும்.

இத்தகைய பெட்டிகள் எப்படி நாட்டுக்குள் வருகின்றன என்று நீங்கள் கேட்கலாம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது, சுங்கத் திணைக்களமும் இருக்கிறது. பெட்டிகளோ கண்ணாடி அலுமாரிகளில் பகிரங்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளிநாட்டு மகன் அனுப்பிய சாதனத்துக்கு ஆயிரம் கேள்வி கேட்பவர்கள் இவற்றை மட்டும் எந்தக் கண்ணால் பார்க்கிறார்களோ தெரியவில்லை.

லண்டனிலுள்ள மகனின் பாஸ்வேர்டை வாங்கி, நாம் இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் விபிஎன் போட்டு, பிபிசியின் இணையத் தொலைக்காட்சியான ஐபிளேயரைத் திறக்கலாம் என்று யாரேனும் சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள். அது இங்கிலாந்துக்குள் இருப்பவர்களுக்கென்றே அமைந்த சேவை. வெளியிலிருந்து வருவோரை இடை நடுவில் தடுத்துவிடும்.

புரொஜெக்டர் விடயத்தில் அந்த மனிதர் உங்களிடம் நேரத்தைப் பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். லண்டனில் காலை 11 மணிக்குத் தொடங்கும் அணிவகுப்பு நமக்குப் பிற்பகல் 3.30, அரச குடும்பத்தார் மாடத்தில் நிற்க விமானங்கள் பறக்கும் பகல் 1 மணி நமக்கு மாலை 5.30. ஜூன் மாதத்தில் மட்டக்களப்பில் சூரியன் மறைவது ஆறு மணிக்குப் பிறகுதான். பட்டப்பகலில், திறந்த வளவில், வாடகைப் புரொஜெக்டரின் படம் கழுவிய சீலை போல வெளிறித்தான் தெரியும். போதாக்குறைக்குக் கச்சான் காற்று அடிக்கும் காலம் அது. திரை நிற்காது, நின்றாலும் மன்னரின் குதிரை அலையில் போகும் தோணியாகிவிடும்.

இந்த நேரக் கணக்கில் பலரும் சறுக்குவதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்கும் நமக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம் என்றுதான் அநேகமானோர் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அது குளிர்காலக் கணக்கு. மார்ச் மாதக் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைப்பதால், அக்காலத்தில் வித்தியாசம் நாலரை மணி நேரம் மட்டுமே. மகாராணியாரின் இறுதிச் சடங்கு 2022 செப்டெம்பர் 19 அன்று அங்கே காலை 11 மணிக்குத் தொடங்கியபோது இங்கே 3.30, முடிசூட்டு விழாவுக்கும் அதே கணக்கு. ஆனால் நவம்பரில் போர் வீரர்களை நினைவுகூரும் ஞாயிற்றுக்கிழமை வைபவத்தை ஒருவர் பார்க்க விரும்பினால், அங்கே அதே 11 மணி, இங்கே 4.30. சில இணையப் பக்கங்கள் கோடைகாலத்திலும் ‘கிரீன்விச் நேரம்’ என்றே அசட்டையாக எழுதிவிடும். அதை நம்பிக் கணக்குப் போட்டவர் ஒரு மணி நேரம் பிந்தி வந்து, குதிரைகள் திரும்பிப் போவதைத்தான் பார்ப்பார். கடிகாரத்தோடு மல்லுக்கட்டுவது நமக்கும் புதிதல்ல: 1996இல் நம் அரசு நேரத்தை முன்னே தள்ளி, 2006 ஏப்ரலில் மீண்டும் பழைய இடத்துக்கே கொண்டுவரும் வரை, வாவிக்கு அந்தப் பக்கம் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த படுவான்கரையில் பழைய நேரமும் இந்தப் பக்கம் புதிய நேரமுமாக நாம் வாழ்ந்தோம். ஆகவே அழைப்புச் சொல்லும்போது லண்டன் நேரத்தைச் சொல்லாமல், நம் நேரம் 3 மணிக்கு வந்து அமரும்படி சொல்லுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. கூட்டத்தை வளவிலிருந்து நிழலுக்கு மாற்றுங்கள். உங்கள் தொலைக்காட்சியை மண்டபத்தில், வெயில் முகத்தில் படாதபடி மேற்குச் சுவரோடு சாய்த்து வையுங்கள். நாற்பது பேருக்கு 43 அங்குலத் திரை ஒன்று போதாது. பன்னிரண்டு அடிக்கு அப்பால் இருக்கும் வயதானவர்களுக்கு மன்னரும் ஒன்றுதான், குதிரையும் ஒன்றுதான். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியை இரவல் வாங்கி விறாந்தையில் வையுங்கள். இரண்டுக்கும் தனித்தனியே இணையம் கொடுத்தால் ஒன்றில் வரும் வாத்தியம் மற்றதில் சில விநாடிகள் பிந்தி வந்து காதைக் குழப்பும். ஒரு மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர் மூலம் இரண்டுக்கும் ஒரே படத்தைப் பிரித்துக் கொடுங்கள். அது கையடக்கமான, மலிவான பொருள். ஒலி ஒரு தொலைக்காட்சியில் மட்டும் வரட்டும்.

இணையம் எவ்வளவு வேண்டும்? தெளிவான படத்துக்கு மணிக்கு இரண்டேகால் ஜிகாபைட் அளவு செலவாகும். மூன்று மணி நேரத்துக்கு ஏழு, கைக்காவலுக்கு எட்டு வைத்துக்கொள்ளுங்கள். டேட்டா பெக்கேஜ் வாங்கும்போது பெரிய எழுத்திலுள்ள எண்ணைப் பார்க்காதீர்கள். அதில் பாதி, நள்ளிரவுக்குப் பிறகு ஊர் உறங்கும்போது மட்டும் பயன்படும் இரவு டேட்டாவாக இருக்கலாம். பிற்பகல் 3.30க்கு அது ஒரு சதத்துக்கும் உதவாது. இப்படி எண்ணை ஊதிக்காட்டி விற்பதை எந்த அதிகாரியும் கேட்பதில்லை.

மின்சாரத்துக்கு நான் உத்தரவாதம் தர முடியாது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடே இருண்டது என்று அமைச்சரே சொன்ன தேசம் இது. மடிக்கணினி தன் பட்டரியில் ஓடும். ரௌட்டருக்கு, மின்சாரம் போனதும் பட்டரியில் தாங்கிப் பிடிக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கினால், சில நிமிட வெட்டுக்குப் பின் தொலைக்காட்சி எழும்பும்போது இணையம் அறுந்திருக்காது.

இணையவழி நேரலை, லண்டனில் நடப்பதைவிட அரை நிமிடமோ அதற்கு மேலோ பிந்தித்தான் வரும். விமானங்கள் பறந்ததும் “பார்த்தீங்களா?” என்று மகன் தொலைபேசி எடுத்தால், மாமி அவற்றை இன்னும் பார்த்திருக்க மாட்டார். 5.40 வரை அழைக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கள்.

முற்பணத்தைப் பொறுத்தவரை, அந்த மனிதரிடம் பெயரும் முகவரியும் போட்ட பற்றுச்சீட்டைக் கேளுங்கள். தந்தால் அதைக் காட்டி 3,000 ரூபாவைத் திருப்பிக் கேட்கலாம்; மறுத்தால் 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். பற்றுச்சீட்டே தர மாட்டார் என்றால், முறைப்பாடு நகர்வதற்குள் அடுத்த வருட அணிவகுப்பு வந்துவிடும். போனது மூவாயிரத்தோடு போகட்டும் என்று மீதி 25,000 ரூபாவைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.